சாதியைக் காட்டிக் குடியுரிமை கேட்டவர்கள்

(அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நடைபெற்ற இணையவழிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்கக் குடியுரிமை பெறுகிற நடைமுறை பற்றிப் பேசுங்கள் என்று ஒருங்கிணைத்த தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். இந்தக் கூட்டத்தில் கிரீன் கார்டு வாங்கிவிட்டவர்கள் இருக்கிறீர்கள், வரிசையில் காத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், இனிமேல்தான் கிளம்பப் போகிற மாணவர்களும் இருக்கிறீர்கள். எந்தப் படிவம், எத்தனை ஆண்டு, என்ன தேர்வு என்பதையெல்லாம் சொல்கிறேன். அதற்கு முன்பு ஒரு பழைய வழக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நடந்த அந்த வழக்கில், நம் ஊர்ச் சாதி ஒரு தகுதிச் சான்றிதழாகத் தாக்கல் செய்யப்பட்டது. அந்தக் கதை தெரியாமல் இன்றைய படிவத்தை நிரப்பினால், நாம் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது நமக்கே விளங்காது.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1790இல் அமெரிக்கா தன் முதல் குடியுரிமைச் சட்டத்தை இயற்றியபோது, வெளிநாட்டிலிருந்து வந்தவர்களில் 'சுதந்திரமான வெள்ளையர்' மட்டுமே குடிமக்கள் ஆகலாம் என்று எழுதிவைத்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிக்கப்பட்ட பிறகு, 1870இல் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களுக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் அந்த உரிமை நீட்டிக்கப்பட்டது. ஆக, வெளிநாட்டவருக்கு இரண்டே இரண்டு கதவுகள். ஒன்று வெள்ளையர் கதவு, இன்னொன்று கறுப்பர் கதவு. சீனர், சப்பானியர், இந்தியர் ஆகியோருக்குக் கதவே கிடையாது.

1906இல் வந்த சட்டம் நடைமுறையை ஒழுங்குபடுத்தியது. முதலில் குடிமகனாக விரும்புகிறேன் என்று ஓர் அறிவிப்பு கொடுக்க வேண்டும். மக்கள் அதை 'முதல் தாள்' என்றார்கள். குறைந்தது இரண்டு ஆண்டு கழித்து 'இரண்டாம் தாள்', அதாவது மனு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும், ஆங்கிலம் பேசத் தெரிய வேண்டும், நன்னடத்தைக்கு இரண்டு குடிமக்கள் சாட்சி சொல்ல வேண்டும். கடைசியில் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தாலும், நீ வெள்ளையனா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் வெளியே வர முடியாது.

அங்கே போன இந்தியர்கள் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொன்னார்கள்? 1913இல் வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் ஏ.கே.மொசும்தார் என்ற வங்காளி, தான் உயர்சாதி இந்து, ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று வாதாடிக் குடியுரிமை பெற்றார். அடுத்த ஆண்டு கலிஃபோர்னியாவில் சகாராம் கணேஷ் பண்டிட் என்ற பார்ப்பனரும் குடிமகன் ஆனார். பிறகு அவரே வழக்கறிஞராகி, மற்ற இந்தியர்களுக்காகவும் வாதாடினார். இவர்கள் தட்டிய கதவு வெள்ளையர் கதவு. கையில் வைத்திருந்த சாவி சாதி.

இந்தியர்கள் மட்டும்தான் இப்படி என்று சொல்ல மாட்டேன். 1878 முதல் 1952 வரை, இன்னார் எந்த இனம் என்று தீர்மானிக்க நடந்து பதிவான குடியுரிமை வழக்குகள் 52. அவற்றில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் மனுதாரர்கள் தாங்கள் வெள்ளையர் என்றே வாதாடினார்கள். கறுப்பர் கதவும் சட்டப்படி திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கம் போக யாரும் விரும்பவில்லை. சப்பானியர் தங்கள் தோலின் நிறத்தைக் காட்டினார்கள், அரபு நாட்டவர் தங்கள் மதத்தின் பிறப்பிடத்தைக் காட்டினார்கள். நம்மவர்கள் காட்டியது சாதியை.

இப்போது பகத் சிங் திந்த் கதைக்கு வருகிறேன். இவர் பஞ்சாபில் அமிர்தசரசு மாவட்டத்தில் பிறந்த சீக்கியர். 1913இல் அமெரிக்கா போனார். மர ஆலையில் வேலை செய்தார். முதல் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தில் சேர்ந்தார், நற்சான்றோடு விடுவிக்கப்பட்டார். 1918 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் குடியுரிமை கிடைத்தது. நான்கே நாளில் பறிக்கப்பட்டது. அவர் விடவில்லை. பக்கத்து மாநிலமான ஒரேகானில் மறுபடி மனுப்போட்டார். அவர் வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்த கதர் இயக்கத்தோடு தொடர்புடையவர் என்று சொல்லி அதிகாரிகள் எதிர்த்தார்கள். அதையும் மீறி 1920இல் நீதிபதி குடியுரிமை வழங்கினார். அரசு மேல்முறையீடு செய்ய, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த மனிதரை நாம் சில்லறை மனிதராக நினைத்துவிடக் கூடாது. ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர், சீருடை அணிந்தவர், பறித்த உரிமையைத் திரும்பக் கேட்டுப் போராடியவர். சாதியைக் கண்டித்த குருமார்களின் வழியில் வந்த சீக்கியர். அப்படிப்பட்டவருடைய பெயரில்தான் அந்த வாதம் வைக்கப்பட்டது. நீதிமன்ற ஆவணம் அவரை 'உயர்சாதி இந்து' என்றே குறித்தது. இவர் ஆரிய இனம், வடஇந்திய உயர்சாதியினர் கலப்பில்லாமல் தம் இரத்தத்தைக் காத்துவந்திருக்கிறார்கள், மண உறவு என்று வந்தால் அமெரிக்க வெள்ளையர் கறுப்பரை எப்படிப் பார்க்கிறார்களோ அப்படித்தான் உயர்சாதி இந்து இந்தியாவின் பூர்வகுடிகளைப் பார்க்கிறார் என்று அவருடைய தரப்பு எழுத்துமூலம் வாதிட்டது.

தோழர்களே, இந்த வாதத்தைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள். 'நாங்களும் உங்களைப் போலவே ஒடுக்குகிறவர்கள், ஆகவே எங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்பதுதான் இதன் பொருள். நம் சேரிகளும் ஊர்த்தெருக்களும், கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட நம் பாட்டன் பூட்டனும், யாரோ ஒருவர் அமெரிக்கக் குடிமகன் ஆவதற்கான ஆதாரமாகக் காட்டப்பட்டார்கள். அந்த நீதிமன்றத்தில் நமக்கு வழக்கறிஞர் இல்லை. நம்மை யாரும் கேட்கவும் இல்லை.

1923 பிப்ரவரி 19 அன்று தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி சார்ச் சதர்லேண்ட். இவரே இங்கிலாந்தில் பிறந்து, குடிபெயர்ந்து வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். மூன்று மாதத்துக்கு முன்பு, ஒசாவா என்ற சப்பானியரின் வழக்கில், தோல் வெளுப்பாக இருந்தால் மட்டும் போதாது, காகேசிய இனமாக இருக்க வேண்டும் என்று தீர்ப்பு எழுதியவரும் அவர்தான். திந்த் வந்து, அறிவியல் வகைப்படி நான் காகேசியன்தானே என்றதும், அறிவியல் எதற்கு, சாதாரண அமெரிக்கர் யாரை வெள்ளையர் என்று நினைக்கிறாரோ அவரே வெள்ளையர் என்று மாற்றிச் சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். இரத்தக் கலப்பைத் தடுக்கவே சாதி விதிகள் ஏற்படுத்தப்பட்டன, ஆனால் பஞ்சாபில் அவை முழு வெற்றி பெற்றதாகத் தெரியவில்லை என்றார். சாதி தவறு என்று அவர் சொல்லவில்லை. உங்கள் சாதி போதுமான அளவு கெட்டியாக இல்லை என்றார். தரவரிசையைக் காட்டிக் கதவைத் தட்டப்போனால், அந்த வீட்டுக்காரன் வைத்திருக்கிற தரவரிசையில் நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அவன்தானே முடிவு செய்வான்?

விளைவு கொடுமையாக இருந்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலர்மீது அரசு வழக்குத் தொடுத்து அதைப் பறித்தது. மொசும்தாரும் இழந்தார். பண்டிட் தன் வழக்கில் மட்டும் போராடி வென்றார். சான் பிரான்சிசுகோவில் கடை நடத்திவந்த வைஷ்ணோ தாஸ் பகாய், மனைவி கலாவுடனும் மூன்று பிள்ளைகளுடனும் 1915இல் வந்தவர், 1921இல் குடிமகன் ஆனவர். அவருடைய குடியுரிமையும் போனது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் சொத்து வைத்திருக்க முடியாது என்று கலிஃபோர்னியாவில் நிலச் சட்டம் இருந்தது. ஊருக்கு ஒருமுறை போய்வர அமெரிக்கக் கடவுச்சீட்டு கேட்டார். கிடைக்கவில்லை. எந்த வெள்ளைக்கார ஆட்சி வேண்டாமென்று கப்பலேறினாரோ, அதே பிரிட்டிசு அரசின் கடவுச்சீட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். 1928இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். தாள்களில் தோற்ற ஒரு மனிதரின் முடிவு அது. நமக்கு அவர்மீது இரக்கம் உண்டு. சாதிவாதத்தின் மீது துளியும் இரக்கம் இல்லை.

திந்த் அமெரிக்காவுக்குப் போன அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கரும் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 மே மாதம் அவர் படித்த கட்டுரை, சாதியின் உயிர்நாடி அகமணமே என்று நிறுவியது. மொசும்தாரும் திந்தும் எந்த மண உறவுத் தடையைத் தங்கள் பெருமையாகக் காட்டினார்களோ, அதையே அம்பேத்கர் நோயின் வேர் என்று சுட்டினார். 1936இல் பஞ்சாபின் லாகூர் மாநாட்டுக்கென்று எழுதி, அங்கே பேச அனுமதிக்கப்படாத 'சாதி ஒழிப்பு' உரையில், பஞ்சாபின் பார்ப்பனருக்கும் அதே பஞ்சாபின் சமாருக்கும் இன அடிப்படையில் வேறுபாடு இல்லை என்று விளக்கினார். இரத்தத் தூய்மை என்பதே பொய் என்றார்.

சரி, கதவு எப்படித் திறந்தது? திந்துக்குக் குடியுரிமை கிடைத்ததும் அந்த 1936இல்தான். சாதியைக் காட்டி அல்ல. முதல் உலகப் போர் வீரர்களுக்கு இனத்தடையை நீக்கி 1935இல் வந்த சட்டத்தின் கீழ், போர்வீரர் என்ற முறையில் கிடைத்தது. 1946 சூலையில் வந்த சட்டம் இந்தியர்கள் குடிமக்கள் ஆகலாம் என்றது. ஆனால் ஆண்டுக்கு 100 பேர்தான் குடியேறலாம். 1952இல் குடியுரிமைச் சட்டத்திலிருந்து இனத்தடை முழுவதும் நீக்கப்பட்டது. இன்று நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் போவதற்கு வழி செய்தது 1965ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஆண்டை நினைவில் வையுங்கள். கறுப்பின மக்கள் அடிபட்டு, சிறைப்பட்டு, உயிர்கொடுத்து வாக்குரிமைச் சட்டத்தை வென்ற ஆண்டும் அதுதான். அந்தப் போராட்டம் உருவாக்கிய காற்றில்தான் குடியேற்றச் சட்டத்தின் இன ஒதுக்கீடும் விழுந்தது. அங்கே பிறக்கிற நம் பிள்ளைகளுக்குப் பிறப்பாலேயே குடியுரிமை தருகிற 1868ஆம் ஆண்டின் பதினான்காவது திருத்தமும், விடுதலை பெற்ற கறுப்பின மக்களுக்காக வந்ததுதான். 2025 சனவரியில் அந்த உரிமையைச் சுருக்க அதிபர் ஆணை போட்டபோது, எச்-1பி விசாவில் இருக்கிற பெற்றோர் எல்லோரும் பதறினார்கள். உயர்சாதி என்று சொல்லிக்கொள்கிறவர்களும் ஓடிப்போய் நின்றது அந்தத் திருத்தத்தின் நிழலில்தான். எந்த மக்களைப் போலத் தாங்கள் இல்லை என்று 1923இல் வாதாடினார்களோ, அந்த மக்கள் வென்ற உரிமையைத்தான் இன்று அனுபவிக்கிறார்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். கிரீன் கார்டு வாங்கி ஐந்து ஆண்டு ஆக வேண்டும். குடிமகன் ஒருவரின் கணவன் அல்லது மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்தால் மூன்று ஆண்டு. ஐந்து ஆண்டில் குறைந்தது முப்பது மாதம் அந்த நாட்டு மண்ணில் இருந்திருக்க வேண்டும். கெடு முடிவதற்கு 90 நாள் முன்பே என்-400 படிவத்தை அனுப்பலாம். வெளிநாடு போய்வந்த ஒவ்வொரு பயணத்தின் தேதியும் எழுத வேண்டும். ஆகவே பழைய கடவுச்சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். வரி ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும். கைரேகை எடுப்பார்கள். பிறகு நேர்காணல், ஆங்கிலத் தேர்வு, குடிமையியல் தேர்வு. 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 128 வினாக்கள் கொண்ட பட்டியல். அதிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாகச் சொல்ல வேண்டும். எதையும் மறைக்காதீர்கள். பழைய வழக்கு, கைது, கட்சி உறுப்பு என்று ஏதாவது இருந்தால், படிவத்தைத் தொடுவதற்கு முன்பே வழக்கறிஞரைப் பாருங்கள்.

அந்தப் படிவத்தில் நம் கூட்டத்துக்கென்றே எழுதியதுபோல மூன்று இடங்கள் இருக்கின்றன.

ஒன்று, பெயர். சாதிப் பட்டத்தைத் துறந்த மரபு நம்முடையது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானித்தது. அதனால்தான் தமிழ்நாட்டுக்காரர்களில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. அமெரிக்கப் படிவங்களுக்கு இது விளங்காது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயருக்கான கட்டம் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராக்கி, முதற்பெயர் தெரியவில்லை என்று சுருக்கெழுத்துப் போட்டுவிடுவார்கள். வங்கி, ஓட்டுநர் உரிமம், பள்ளிக்கூடம் எல்லா இடத்திலும் அது துரத்தும். கிளம்புவதற்கு முன்பே அப்பா பெயரையோ அம்மா பெயரையோ அந்தக் கட்டத்தில் போட்டுக் கடவுச்சீட்டைச் சரிசெய்துகொள்ளுங்கள். அவசரத்தில் தாத்தாவின் சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறோம். அது வேண்டாம். ஏற்கெனவே அப்படி ஒட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயர் மாற்றம் கேட்கலாம். உறுதிமொழி விழா நீதிமன்றத்தில் நடந்தால் நீதிபதியே மாற்றித் தருவார்.

இரண்டு, பிறப்பால் வந்த பட்டம். உங்களுக்கு வெளிநாட்டில் பரம்பரைப் பட்டமோ பிரபு நிலையோ உண்டா, உண்டென்றால் உறுதிமொழியின்போது துறப்பீர்களா என்று படிவம் கேட்கிறது. அரசர், பிரபு குடும்பங்களுக்கான கேள்வி அது. அய்யர், அய்யங்கார், ரெட்டி, பட்டேல் என்பதையெல்லாம் அந்த அதிகாரி பட்டமாக நினைப்பதில்லை. இல்லை என்று எழுதிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள்.

மூன்று, இன்னும் கூர்மையான வினா. இனம், மதம், தேசிய இனம், ஒரு குறிப்பிட்ட சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றின் காரணமாக யாரையாவது எப்போதாவது துன்புறுத்தியிருக்கிறீர்களா? சாதியை மனத்தில் வைத்து எழுதிய வினா அல்ல இது. ஆனாலும், இரட்டைக் குவளை வைத்த தேநீர்க்கடைக் குடும்பத்திலிருந்தும், சேரிப் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றி நடக்கவைத்த தெருவிலிருந்தும் வந்தவர்கள், ஒரு நொடிகூட யோசிக்காமல் 'இல்லை' என்ற கட்டத்தில் குறியிடுகிறார்கள். அது துன்புறுத்தல் என்று அவர்களுக்குத் தோன்றுவதே இல்லை. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைப்பதற்குத் தூதரகத்தில் தனிச் சான்றிதழ் தருகிறார்கள். சாதியை ஒப்படைத்துவிட்டு வா என்று சொல்ல எந்த அலுவலகமும் இல்லை. ஆகவே அது பெட்டியோடு சேர்ந்து விமானம் ஏறிவிடுகிறது.

அங்கே போய் என்ன செய்கிறது? இங்குதான் குடியுரிமைக்கு முந்தைய காத்திருப்பைப் பார்க்க வேண்டும். வேலைவழி கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. அதனால் இந்தியர்கள் பத்து ஆண்டுக்கும் மேல் வரிசையில் நிற்கிறார்கள். அதுவரை விசா, நிறுவனத்தின் கையில். வேலை போனால் அதிகபட்சம் 60 நாளில் வேறு வழி தேட வேண்டும், இல்லையென்றால் ஊர் திரும்ப வேண்டும். உங்கள் மேலாளர் நம் ஊர் ஆதிக்கச் சாதிக்காரராக இருந்து, முதுகைத் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறவராக இருந்தால், விருந்துக்கு எல்லோரையும் அழைத்து உங்களை மட்டும் விட்டுவிடுகிறவராக இருந்தால், நீங்கள் யாரிடம் போய்ப் புகார் சொல்வீர்கள்? வேலை, விசா, பிள்ளைகளின் படிப்பு, எதிர்காலக் குடியுரிமை எல்லாம் அவர் எழுதும் மதிப்பீட்டில் தொங்குகிறது. வாயைத் திறப்பதற்கே குடியுரிமை கைக்கு வரவேண்டியிருக்கிறது. சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் அங்கே வேண்டும் என்று நம் தோழர்கள் கேட்பதன் நியாயம் இதுதான்.

2023 பிப்ரவரி 21 அன்று, அமெரிக்காவிலேயே முதல் நகரமாக சியாட்டில் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. திந்த் தீர்ப்புக்குச் சரியாக நூறு ஆண்டும் இரண்டு நாளும் ஆகியிருந்தன. திந்துக்கு முதலில் குடியுரிமை கொடுத்துப் பறித்த அதே வாஷிங்டன் மாநிலத்து நகரம் அது. அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்ட வரைவை ஆளுநர் நியூசம் அக்டோபரில் திருப்பி அனுப்பினார். இருக்கிற சட்டமே போதும் என்றார்.

இந்தச் சட்டங்களை எதிர்த்தவர்களில் பலர் என்ன சொன்னார்கள்? சாதியா, அது அமெரிக்காவில் ஏது, எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை, இப்படிச் சட்டம் போட்டால் எங்களைத்தான் எல்லோரும் சந்தேகமாகப் பார்ப்பார்கள் என்றார்கள். தோழர்களே, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குடியுரிமை வாங்க வேண்டியிருந்தபோது, 'எங்களுக்குச் சாதி உண்டு, ஆயிரமாயிரம் ஆண்டாகக் கட்டிக்காத்து வருகிறோம்' என்று உச்ச நீதிமன்றம்வரை போய்ச் சொன்னார்கள். குடியுரிமை வாங்கி வீடும் வாங்கிய பிறகு, பாதிக்கப்பட்டவன் சட்டம் கேட்டால், 'சாதியா, எங்களுக்கு அப்படி ஒன்று தெரியாதே' என்கிறார்கள். ஆதாயம் வரும்போது சாதி இருக்கிறது, பொறுப்பு வரும்போது சாதி காணாமல் போகிறது. ஊரிலும் நாம் பார்த்தது இதைத்தானே?

நாம் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். குடியுரிமை கிடைக்கிறவர்கள் தயங்காமல் வாங்குங்கள். அது யார் போட்ட பிச்சையும் அல்ல, உங்கள் உழைப்பின் பயன். வாங்கியவர்கள் வாக்காளராகப் பதிவு செய்யுங்கள். விசாவில் இருப்பதால் வாய்திறக்க முடியாத தோழர்களுக்காக நகர மன்றத்தில் போய்ப் பேசுங்கள். உங்களுக்கு அந்தப் பயம் இனி இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குப் படிவம் நிரப்ப வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து ஏமாறுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சொல்லித்தர சாதிச் சங்கம் கிடையாது. கறுப்பின மக்களின் போராட்டங்களில் போய் நில்லுங்கள். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா.வுக்கு அவர்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். ஒடுக்கப்பட்டவர் ஒடுக்கப்பட்டவரிடம் வழி கேட்ட கடிதம் அது. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்த ஆண்டும் அதுதான்.

உறுதிமொழி எடுக்கும் நாளில், கையில் கிரீன் கார்டை ஒப்படைத்துவிட்டுச் சான்றிதழை வாங்குவீர்கள். பெயரைக் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரில் சாதி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.